இரண்டு எலுமிச்சை அட்டைகள்

மூக்கருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது லைசென்சிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி முப்பது வருடமாக அவர் எல்லாருக்கும் மூக்கர்தான். இத்தனைக்கும் அது ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. சப்பையான, நுனியில் பழைய தழும்பு ஒன்று உள்ள, கூட்டத்தில் வைத்தால் காணாமல் போகிற மூக்கு. ஆனால் ஒரு வண்டியின் மூடியைத் திறந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து ஒரு இழுப்பு இழுத்தாரென்றால், எங்கே எது ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். பிரேக் ஆயிலுக்கு ஒரு வாடை, கியர் ஆயிலுக்கு ஒரு வாடை, வயர் கருகினால் ஒரு வாடை. எஞ்சின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் இருக்கிறதே, அது கசிந்தால் சர்க்கரைப் பாகு அடிப்பிடித்தாற்போல ஒரு தித்திப்பு வாடை வரும். அதை மூக்கர் பத்தடி தள்ளி நின்றே பிடிப்பார் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தடியாவது உண்மை.

பெயர் வந்தது பஸ் டிப்போவில். அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஆட்கள் ஏறி உட்கார்ந்து, கிளம்பவிருந்த பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டு, டீசல் எங்கேயோ சூடான இடத்தில் சொட்டுகிறது என்றார். மேலதிகாரி வாய்க்கு வந்தபடி திட்டினார். திறந்து பார்த்தால் சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் அன்று உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். திட்டின மேலதிகாரியே வைத்த பெயர்தான் மூக்கர். அதற்குப் பிறகு வந்ததெல்லாம், கல்யாணம், சொந்தப் பட்டறை, வாசலில் வந்து நிற்கிற வண்டிகள், எல்லாமே அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அவரே அப்படித்தான் சொல்லுவார். சொல்லும்போது கொஞ்சம் கர்வமும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா வந்த கர்வம் இல்லையே.

பட்டறை ஒரு மரக்கடைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, நடுவில் ஒரு குழி, இரண்டு வண்டி நிற்க இடம். மூன்றாவது வண்டி வந்தால் அது மழையில் நனைய வேண்டியதுதான். கூட்டாளி, மனைவியின் தம்பி. ஐம்பது வயது. எந்நேரமும் சட்டைப் பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் செருகியிருப்பதால் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர். கருவிகளில் நம்பிக்கை உள்ளவர். காற்றழுத்தம் பார்க்கிற பம்பு, கசிவைக் காட்டுகிற சாயம், நீல விளக்கு என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பார். மூக்கர் சிரிப்பார். "இவ்வளவும் வாங்கினியே மாப்ள, ஒரு மூக்கு வாங்கியிருந்தா போதுமே" என்பார்.

அங்கே இரண்டு சட்டங்கள் இருந்தன. மூக்கு காட்டாத இடத்தில் ஸ்பானர் வைக்கக் கூடாது என்பது மூக்கர் போட்டது. வீணாக ஒரு வண்டியைப் பிரிப்பது நல்ல மனிதனின் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது மாதிரி என்பார். மற்றது யாரும் போடாமல் தானாக வந்தது. மூக்கர் இருக்கும்போது வேறு யாரும் எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை. சமையல்காரர் நிற்கும்போது நாம் கரண்டியை விட்டு உப்புப் பார்ப்போமா, அந்த மாதிரி ஒரு மரியாதை. டெஸ்டருக்கும் மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. பதினெட்டு வருடமாக அதை அவர் மூச்சு விட மட்டும் வைத்திருந்தார்.

இந்தப் பட்டறைக்குத்தான் டீச்சரின் சிவப்புக் கார் வந்தது.

டீச்சர் கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்கு வகுத்தல் பெருக்கல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற மறுவாரமே, முப்பத்தாறு வயதான ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். தரையோடு ஒட்டின உடம்பு, இரண்டே சீட்டு. தங்கை வந்து பார்த்து, இந்த வயசில் இது தேவையா என்று கேட்டாளாம். "இதுக்கு முன்னாடி எந்த வயசுலயும் நேரம் கிடைக்கலடி" என்றாராம் டீச்சர். அந்தக் காரில் எஞ்சின் சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குளிர வைக்கிற ரேடியேட்டரோ முன்னால், விளக்குகளுக்கு நடுவில். இரண்டையும் சேர்க்க நீளமான இரண்டு குழாய்கள், சீட்டுகளுக்கு இடையில் உள்ள மேட்டுக்குள் ஒளிந்து ஓடும். அந்த மேட்டின் மேல் பஞ்சு, பஞ்சின் மேல் ஒட்டின கம்பளம், அதன் மேல் கியர் பிடி.

டீச்சர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"நூறு கிலோமீட்டருக்கு முந்நூறு மில்லி குறையுது மேஸ்திரி. தரையில ஒரு சொட்டு இல்ல. வண்டிக்கு அடியில வெள்ளை அட்டை விரிச்சு வெச்சுப் பாத்துட்டேன். அட்டை அப்படியே இருக்கு."

"கூலன்ட் எங்க போயிடும் டீச்சர், புடிச்சுடலாம்" என்றார் மூக்கர்.

"அதான் எனக்கும் புரியல. கழிச்சா மிச்சம்னு ஒண்ணு எங்கயாவது இருக்கணுமே."

மூக்கர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முன்பக்கம் குனிந்தார். பின்பக்கம் குனிந்தார். கடைசியில் கதவைத் திறந்து, அந்தத் தாழ்ந்த சீட்டில் முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடிக்குக் கீழே மஞ்சளாக என்னவோ இரண்டு தொங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் இடித்தது. அதைக் கையால் ஒதுக்கிவிட்டு இன்னொரு முறை இழுத்தார்.

"உள்ள ஒரு வாடையும் இல்ல" என்றார். டீச்சர் அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு மூன்று வாரம் அந்தக் கார் அவர்களைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். எஞ்சின் பக்கத்து ரப்பர் குழாய்களை மாற்றினார்கள். தண்ணீரைச் சுற்றிவிடுகிற பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள், அது புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. டெஸ்டர் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றினார். முள் அசையவில்லை. ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஏற்றினார். முள் மெதுவாக, திருடன் படி இறங்குவதைப் போல இறங்கியது. ஆக எங்கேயோ போகிறது. சூடானால் மட்டும் போகிறது. சாயம் கலந்து ஓட்டி, நீல விளக்கைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒரு பொட்டுக்கூட ஒளிரவில்லை. எஞ்சினுக்குள்ளேயே இழுத்து எரித்துவிடுகிறதோ என்று அதற்கும் ஒரு மருந்து வைத்துப் பார்த்தார். புகை கலந்தால் நீல மருந்து மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை.

"மாமா, நடு மேட்டைப் பிரிச்சுப் பாத்துடலாமா?" என்றார் டெஸ்டர், இரண்டாவது வாரம்.

"அதுக்கு ரெண்டு சீட்டையும் எறக்கணும், கம்பளத்தைக் கிழிக்கணும். இந்தக் காருக்கு அந்தக் கம்பளம் இனி எந்த ஜென்மத்துல கெடைக்கும்?" மூக்கர் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார். மறுபடி முகர்ந்தார். "குழாய்ல கசிஞ்சா உள்ள பாகு வாடை தூக்கும் மாப்ள. இங்க ஒண்ணுமே இல்ல. மூக்கு காட்டல."

டெஸ்டர் அந்த மஞ்சள் அட்டைகளை ஒரு முறை பார்த்தார். பிறகு நீல விளக்கை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

மூக்கருக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. முப்பது வருடத்தில் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாத வண்டி இதுதான். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே என்கிற பயம் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்யவைக்கும் என்று பாருங்கள். டெஸ்டரின் மருந்து இல்லை என்று சொன்னதையே இவர் இருக்கிறது என்று முடிவு கட்டினார். எஞ்சினுக்குள்தான் வெடிப்பு. பத்துக்கு ஒரு தடவை மருந்து பொய் சொல்லும். நாளைக் காலை எஞ்சினை இறக்கிப் பிளந்துவிட வேண்டியது.

டீச்சரை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். துருப்பிடித்த போல்ட்டுகள், கழற்றும்போது பாதி உடையும். உடைந்தால் சாமான் கிடைக்காது. கார் மறுபடி ஓடலாம், ஓடாமலும் போகலாம். டீச்சர் அழவில்லை, வாதாடவும் இல்லை. காரின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்படின்னா இன்னைக்கு ஒரு தடவை ஓட்டிக்கறேன் மேஸ்திரி. நீங்களும் வாங்க. பாலம் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டினார். திரும்புகிற வழியில் மழை வலுத்து, சாலை தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூட மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை. முன் கண்ணாடியில் உள்பக்கமாக எண்ணெய் பூசினாற்போல ஆவி படர்ந்தது. டீச்சர் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அதைப் பளிச்சென்று துடைத்தார். எப்போதும் அப்படித்தான் துடைத்துவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துவாராம், அழுக்கு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருவது அவருக்குப் பிடிக்காது. அந்த ஆவியைப் பார்த்ததும் மூக்கருக்கு உள்ளே என்னவோ இடறியது. அது என்னவென்று யோசிப்பதற்குள் டீச்சர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு சந்தேகம் மேஸ்திரி. நாலாம் தேதி 'உள்ளே ஒரு வாடையும் இல்லை'ன்னு சொன்னீங்க. பதினொண்ணாம் தேதியும் அதேதான். நேத்தும் அதேதான்."

"ஆமா டீச்சர்."

"கூலன்ட் வாடை இல்லைங்கறீங்களா, எந்த வாடையுமே இல்லைங்கறீங்களா?"

"எந்த வாடையும் இல்ல. இப்பவும்தான் இல்ல. மோந்து பாத்துட்டுத்தானே சொல்றேன்."

டீச்சர் பேனாவை மூடினார். கையை நீட்டி, கண்ணாடிக்குக் கீழே தொங்கிய மஞ்சள் அட்டைகளைத் தொட்டார்.

"அப்போ இது?"

எலுமிச்சம்பழ வடிவத்தில் வெட்டின இரண்டு அட்டைகள். பெட்ரோல் பங்குகளில் விற்கிற வாசனை அட்டைகள். மூக்கர் அதைப் பார்த்தார். மூன்று வாரமாக நெற்றியில் இடித்துக்கொண்டிருந்த சாமான். ஒன்றைப் பிடித்து இழுத்து மூக்கில் வைத்தார். காகிதம். வெறும் காகிதம்.

"பழசாயிருக்கும்" என்றார்.

டீச்சர் சீட்டுக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து, பிரிக்காத ஒரு புது அட்டையை எடுத்து உறையைக் கிழித்தார். கிழித்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு தும்மல் தும்மினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கர் அதை வாங்கி, உதட்டின் மேல் வைத்து அழுத்தி, நெஞ்சு நிறைய இழுத்தார்.

ஒன்றுமில்லை.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது இரண்டிலும் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மறுபடி இழுத்தார், மறுபடியும். ஒரு வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால், அந்த இடத்தில் வீடே இல்லை என்பது மாதிரி இருந்தது.

"இதை எதுக்குத் தொங்கவிட்டீங்க டீச்சர்?"

"வண்டிக்குள்ள தித்திப்பா ஒரு வாடை வருது, அதான். தலைய வலிக்குது. அதை மறைக்கத்தான்."

"எப்பலேருந்து?"

"கூலன்ட் குறைய ஆரம்பிச்சதுலேருந்து." டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "இப்பவும் வருது மேஸ்திரி. இத்தனை எலுமிச்சையையும் மீறி வருது."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க மூக்கர். நீங்களே இல்லைன்னு சொன்னப்புறம் நான் என்னத்தச் சொல்றது? என் புடவைல சோப்பு வாடை ஏதாவது இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

திரும்பி வந்து இறங்கியவரின் முகத்தில் ஈயாடவில்லை. டெஸ்டர் ஓடி வந்தார். மூக்கர் காரின் நடு மேட்டைக் கையால் காட்டி, "பிரிச்சுடு மாப்ள" என்றார். இரண்டு சீட்டும் இறங்கின. கியர் பிடி கழன்றது. டெஸ்டர் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். அடியில் இருந்த பஞ்சு, தண்ணீரில் ஊறப்போட்ட ரொட்டி மாதிரி கனத்துக் கிடந்தது. பிழிந்தால் பச்சையாக ஒழுகியது. குழாயை இறுக்கிப் பிடித்திருந்த ஒரு பட்டை, முப்பத்தாறு வருடமாக உரசி உரசி, ஊசி முனை அளவு ஒரு ஓட்டை போட்டிருந்தது. ஆறியிருக்கும்போது அந்தப் பட்டையே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். சூடானால் குழாய் நீண்டு ஓட்டை திறக்கும். கசிவதையெல்லாம் பஞ்சு குடித்துவிடும். தரைக்கு எங்கே சொட்டும்? டீச்சரின் முந்நூறு மில்லி மிச்சம் அத்தனையும் அங்கே இருந்தது. மரக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த ஆள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"எனக்கு ரெண்டாவது வாரமே லேசா வந்துச்சு மாமா" என்றார் டெஸ்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா நீங்க இல்லைன்னு சொன்னீங்க. அட்டை வாடையா இருக்கும்னு விட்டுட்டேன்."

மூக்கர் அவரைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? பட்டறைக்குள் போய் அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பெட்ரோல். தின்னர். பிரேக் ஆயில். கியர் ஆயில், திறந்தாலே ஊரைக் கூட்டுகிற சாமான். ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்து, மூடி, அடுத்ததை எடுத்தார். தின்னர் கண்ணில் எரிந்தது, மூக்கில் சும்மா ஒரு குறுகுறுப்பு. அவ்வளவுதான். டெஸ்டரும் டீச்சரும் வாசலிலேயே நின்றார்கள். யாருக்கும் கிட்டே வரத் தைரியமில்லை. கடைசி டப்பாவை மூடிவிட்டு, மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, மூக்கர் வீட்டுக்கு நடந்தார். நடையெல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவன் நடை.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள் மடியில் குவிந்து கிடந்தன. இவர் நேரத்தோடு வந்து நிற்பதைப் பார்த்துக் காலை நிறுத்தினாள்.

"எனக்கு மோப்பம் போயிடுச்சு" என்றார். "சுத்தமா போயிடுச்சு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, "போன வருஷம் பத்து நாள் காய்ச்சல்ல கெடந்தீங்களே, அதுலேருந்தா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அதுக்கு முன்னாடி வரைக்கும் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே, இன்னைக்கு என்ன சமையல்னு சொல்லுவீங்க. இருபத்தஞ்சு வருஷம் சொன்னீங்க. அந்தக் காய்ச்சலுக்கப்புறம் ஒரு நாள்கூட சொல்லல. பேசாம வந்து உக்காந்து சாப்புட்டுப் போயிடுவீங்க. எம்மேலதான் என்னவோ வெறுத்துப் போச்சுன்னு இருந்துட்டேன்."

மூக்கர் மாதங்களை எண்ணிப் பார்த்தார். பதினான்கு மாதம். ஒரே கூரையின் கீழ், ஒரே பாயில், இவள் இதை நினைத்துக்கொண்டு பதினான்கு மாதம் இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"கேட்டிருக்கக் கூடாதா?"

"என்னன்னு கேக்கறது? ஏன் என் கொழம்பைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்கன்னா?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு தடவை கேஸ் மூடாம கெடந்துச்சு. நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் ஓடி வந்து ஜன்னலைத் தொறந்தேன். என்னவோ யோசனைல இருக்கார்னு விட்டுட்டேன்."

தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து டீ போடுகிறவர் அவர். தீக்குச்சியைக் கிழிக்கிறவர் அவர். நாற்பது பேரைக் காப்பாற்றிய மூக்கு, சொந்த வீட்டைக் கொளுத்தப் பார்த்திருக்கிறது. உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றார். அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பல நாளைக்குப் பிறகு பிடித்த கை.

மறுநாள் பட்டறைக்குப் போக அவருக்கு மனமே இல்லை. பெயர்ப் பலகையைக் கழற்றிவிடலாமா என்றுகூட யோசித்தார். டீச்சர் வருவார், அவரிடம் நேருக்கு நேர் சொல்லியாக வேண்டும் என்பதற்காகத்தான் போனார். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டெஸ்டர் குழாயை மாற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இன்னும் ஒரு நாள் போயிருந்தா உங்க எஞ்சினைப் பொளந்திருப்பேன். தப்பு முழுக்க என்னோடது. எனக்கு மோப்பம் போய்ப் பதினாலு மாசமாச்சாம். எனக்கே தெரியாம இருந்திருக்கேன். இனிமே நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல."

டீச்சர் அதைக் கேட்டு உச்சுக்கொட்டுவார் என்று எதிர்பார்த்தார். டீச்சரோ நோட்டுப் புத்தகத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார்.

"பதினாலு மாசத்துல எத்தனை வண்டிக்கு இங்க கசிவு கண்டுபுடிச்சீங்க?"

"அதெல்லாம் யாரு எண்ணுனா?"

டெஸ்டர் தலையைத் தூக்கினார். "எனக்கு ஞாபகமிருக்கு மாமா. பால் வண்டி. பிரின்ஸிபாலோட வேன். ஆம்புலன்ஸ் ரெண்டு. அந்த ஜீப்புல டாங்கிக்கு அடியில..." விரல்களை மடக்கிக்கொண்டே போனார். இரண்டு கை விரல்களும் மடங்கி, ஒன்று மிஞ்சியது. "பதினொண்ணு."

"பதினொண்ணுலயும் எடத்தைச் சரியா சொன்னாரா?"

"ஒண்ணுகூடத் தப்பல. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுக் குனிவாரு, சொல்லுவாரு."

"எதை வெச்சு?" என்றார் டீச்சர்.

மூக்கர் அந்தப் பதினொன்றையும் மனசில் ஓட்டிப் பார்த்தார். பால் வண்டி ஞாபகம் வந்தது. குனிந்தபோது ஒரு போல்ட்டைச் சுற்றி மட்டும் தூசி ஒட்டாமல் பளபளத்தது. ஜீப் வந்து நின்றபோது ஒரு பக்கம் மட்டும் இருமினாற்போல ஒரு சத்தம். அதையெல்லாம் பார்த்ததும் கேட்டதும் கண்ணும் காதும். பேரைத் தட்டிக்கொண்டு போனது மூக்கு. இது அவருக்கு நேற்றைய அதிர்ச்சியைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. போனது தெரியாமல் இருந்தது ஒரு பக்கம். இருந்ததும் தெரியாமல்தானே இருந்திருக்கிறார். கடைசியில் பெஞ்சில் டீச்சருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் எண்ணெயாகப் படிந்தது கூலன்ட் ஆவி, அதை ஒரே ஒரு நாள் துடைக்காமல் கொண்டுவந்திருந்தால் கண்ணே காட்டியிருக்கும் என்று சொல்ல வந்தார். சொல்லவில்லை.

டாக்டரிடம் பிறகு போனார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். இவர் டீச்சரிடம் காரைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. பட்டறையில் சட்டம் இரண்டும் ஒழிந்தன. இப்போது மூக்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, கண்ணை அகலத் திறந்து பார்க்கிறார். பார்த்துவிட்டு, "மாப்ள, வந்து மோந்து சொல்லு" என்கிறார். டெஸ்டரும் வந்து முகர்கிறார். பதினெட்டு வருடம் சும்மா இருந்த மூக்கு, பாதி நேரம் பெட்ரோலையும் தின்னரையும் குழப்பிக்கொள்கிறது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ஆனால் அது பின்னால் நடந்தது. டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று சாயங்காலம் மூக்கர் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே தையல் மெஷின் சத்தமில்லை. சமையலறை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. சட்டியில் எண்ணெய் சடசடத்தது. குப்பைக் கூடையின் மேலாக வெங்காயத் தோல். கதவிடுக்கு வழியாக மனைவியின் கண்கள் சிவந்திருந்தது தெரிந்தது. எல்லாவற்றையும் நிதானமாக ஒரு முறை பார்த்தார்.

"இன்னைக்கு வெங்காயம் வதக்கி முட்டை ஊத்தற" என்றார்.

அவள் கரண்டியோடு வந்து நிலையில் நின்றாள்.

"இல்ல. வெங்காயம் மத்தியானத்துக்கு நறுக்குனது. இது உருளைக்கிழங்கு."

"ஓ" என்றார் மூக்கர். முகம் சுருங்கிப் போனது.

"பரவால்ல" என்றாள் அவள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கும் அங்கயே நின்னு சொல்லுங்க."